துணைப்பாடமாகப் படித்த வேதியியல்தான் கைகொடுத்தது: டர்பனில் அறிவியல் ஆசிரியரான அனுபவம்

தமிழ்நாட்டில் ஒரு சிற்றூர்க் கல்லூரியில் 2009-ல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து, அங்குள்ள சாட்ஸ்வர்த்தில் ஏழு வருடம் குடும்பம் நடத்திய பிறகுதான் ஆசிரியர் வேலைக்குப் படிக்கத் துணிந்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த அத்தை ஒருநாள், “இதையே பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லிக்கொடேன் மா” என்றார். டீச்சராக ஆசைப்பட்டு, வீட்டு நிலைமையால் சின்ன வயதிலேயே தையல் ஃபேக்டரிக்குப் போனவர் அவர். அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, தென்னாப்பிரிக்காவில் கிரேடு 10 முதல் 12 வரை இயற்பியல் தனிப்பாடம் இல்லை என்பது. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து ‘பிஸிக்கல் சயன்சஸ்’ என்று ஒரே பாடம். கிரேடு 12 முடிவில் எழுதும் மெட்ரிக் தேர்வில் முதல் தாள் இயற்பியல், இரண்டாம் தாள் வேதியியல். தாளுக்கு 150 மதிப்பெண். ஆகவே ஆசிரியருக்கும் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும், தெரியும் என்பதற்கு மதிப்பெண் பட்டியலில் அத்தாட்சியும் வேண்டும்.

படிக்க வழி இரண்டு. பள்ளி முடித்த கையோடு நான்கு வருட பி.எட். சேரலாம். அல்லது ஒரு பட்டம் முடித்துவிட்டு, அதன்மேல் பி.ஜி.சி.இ. என்ற ஒரு வருட ஆசிரியர் பயிற்சி படிக்கலாம். நம் ஊர் பி.எட். பட்டத்துக்குப் பின் படிப்பது. இங்கே அதே பெயரில் இருப்பது முதல் பட்டம். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், நான் ஒரு வாரம் குழம்பினேன். பள்ளிப் படிப்புக்கு மேல் நான்கு வருடத் தகுதி என்பது அடிப்படை. அதைச் சம்பளக் கணக்கில் ‘ஆர்.இ.கியூ.வி. 14’ என்பார்கள். என் மூன்று வருடப் பட்டத்துடன் ஒரு வருடம் சேர்த்தால் கணக்குச் சரி.

வெளிநாட்டுப் பட்டம் என்பதால் முதலில் பிரிட்டோரியாவிலுள்ள சாகா (தகுதிகள் ஆணையம்) அதை மதிப்பிட வேண்டும். சாகா என் பட்டத்தைக் கொடுத்த பல்கலைக்கழகத்தைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளும். அந்தப் பதில் வரத்தான் மூன்று மாதம் ஆயிற்று. என் தம்பி இரண்டு தடவை லீவு போட்டு, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலக வாசலில் காத்துக் கிடந்து, கடிதத்தை நகர்த்தினான். பட்டம் இங்குள்ள தகுதி வரிசையில் ஏழாம் நிலைக்கு, அதாவது இந்நாட்டு மூன்று வருடப் பட்டத்துக்குச் சமம் என்று தாள் வந்தது. சரி, கரையேறிவிட்டோம் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் பெரிய சிக்கல். நான் விண்ணப்பித்த பல்கலைக்கழகம், இயற்பியல், வேதியியல் இரண்டில் ஒன்று இரண்டாம் ஆண்டுத் தரம் வரையாவது, மற்றொன்று முதலாம் ஆண்டுத் தரத்திலாவது படித்திருக்க வேண்டும் என்று கேட்டது. இயற்பியல் மூன்று வருடம் இருக்கிறது. வேதியியல் எங்கே? என் மதிப்பெண் பட்டியலில் அது ‘அலைடு’, அதாவது துணைப்பாடம், என்று இருந்தது. சேர்க்கைப் பிரிவில் இருந்தவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. விருப்பப்பட்டுப் படித்த ஏதோ சிறு வகுப்பு என்று எடுத்துக்கொண்டு, “வேதியியல் இல்லை” என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்.

அன்று இரவு ஊரிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் வேதியியல் ரெக்கார்டு நோட்டு கிடந்தது. பெர்மாங்கனேட் சிந்திய இடத்தில் பழுப்புக் கறை, ஒவ்வொரு பக்கத்திலும் பேராசிரியரின் சிவப்புக் கையெழுத்து, பியூரெட் அளவுகளை எழுதிய கட்டங்கள். கரிம வேதியியல், பருமனறி பகுப்பாய்வு எல்லாம் ஒழுங்காகப் படித்திருக்கிறோம், அதை ஒரு சொல் மறைத்துவிட்டதே என்று அழுகையாக வந்தது. மறுநாளே தம்பியைக் கல்லூரிக்கு அனுப்பினேன். அந்த வருடங்களின் பாடத்திட்டம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், செய்முறைத் தேர்வு உண்டு என்ற குறிப்பு, எல்லாம் முதல்வர் முத்திரையுடன் வந்தது. ரெக்கார்டு நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். இந்த முறை வேதியியல் துறைக்காரர் ஒருவரைப் பார்க்க விட்டார்கள். அவர் பத்து நிமிடம் புரட்டிவிட்டு, முதலாம் ஆண்டுத் தரம் என்று எழுதிக்கொடுத்தார். நம் ஊரிலிருந்து வரும் யாராக இருந்தாலும் துணைப்பாடத்தின் பாடத்திட்டத்தை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு வேகமாக ஓடியது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பள்ளியில் நின்று பாடம் நடத்த வேண்டும். அத்துடன், பாடம் நடத்தும் மொழி போக இன்னோர் ஆப்பிரிக்க ஆட்சிமொழியிலாவது பேச்சளவுக்குத் தேர்ச்சி வேண்டும். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அது பெரும்பாலும் ஸூலு. நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் அந்த வகுப்பில்தான் ஒன்று கற்றேன். ‘அமாண்ட்லா’ என்ற ஒரே சொல்லை விசைக்கும் சொல்வார்கள், ஆற்றலுக்கும் சொல்வார்கள், திறனுக்கும் சொல்வார்கள். தமிழில் நமக்கு மூன்று சொல் தனித்தனியாக இருப்பதால் அந்தக் குழப்பத்தின் ஆழம் எனக்குத் தெரிந்ததே இல்லை. பயிற்சிப் பள்ளியில் ஒரு மாணவி விசையின் அலகான நியூட்டனையும் ஆற்றலின் அலகான ஜூல் என்பதையும் மாற்றி எழுதியபோது, கவனக்குறைவு என்று திட்ட இருந்தேன். இதை நினைத்து நிறுத்திக்கொண்டேன். மேசையை அவளைத் தள்ளச் சொல்லி, தள்ளுவது எது, நகர்ந்ததால் செலவானது எது என்று பிரித்துக் காட்டினேன். அடுத்த தேர்வில் சரியாக எழுதினாள்.

கடைசியில் சேஸ் எனப்படும் ஆசிரியர் மன்றப் பதிவு. அது இல்லாமல் பள்ளியில் வேலை பார்க்க முடியாது. காவல் நிலையத்தில் பத்து விரலும் மையில் தோய்த்து ரேகை கொடுத்து, நற்சான்று வந்ததும் விண்ணப்பித்தேன். இந்தியாவிலிருந்தும் அதே போன்ற சான்று தேவைப்பட்டது. அதைத் தூதரக வழியாக வாங்க ஆகும் நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

எங்கள் நாத்தனார் மகள் இப்போது கிரேடு 9. அடுத்த வருடம் கணிதத்துக்குப் பதில் ‘மேத்ஸ் லிட்டரசி’ என்ற எளிய அன்றாடக் கணக்குப் பாடத்தை எடுக்கப் போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று பிடித்து உட்காரவைத்துப் பேசினேன், அதை எடுத்தால் அறிவியல் ஆசிரியர் படிப்பின் கதவு அப்போதே மூடிவிடும். படிப்புக்குப் பணம் என்ன செய்வது என்று கேட்டாள். ஆசிரியர் படிப்புக்கு அரசு தரும் ஃபுன்ஸா லுஷாகா உதவித்தொகையில் பிஸிக்கல் சயன்சஸ் முன்னுரிமைப் பாடம்; உதவி பெற்ற வருடங்களுக்கு ஈடாக அரசுப் பள்ளியில் வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் என் கிரேடு 12 வகுப்பில் அமில-காரத் தரம்பார்த்தல். பினால்ப்தலீன் நிறங்காட்டி விட்ட குடுவை, ஒரே சொட்டில் இளஞ்சிவப்பாக மாறி நின்றது. “மேடம், மேடம்!” என்று வகுப்பே கூவியது. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். என்ன நிறம் என்று கேட்டார். சோபாவில் கிடந்த அவருடைய சேலை முந்தானையைத் தொட்டுக் காட்டினேன்.