கோபால்ட் ஊரில் கரண்ட் இல்லை: கொல்வேசி, காங்கோ

தென்கிழக்கின் பெருநகரான லுபும்பாஷியிலிருந்து கொல்வேசி 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தார் ரோடுதான், சுங்கம் கட்ட வேண்டும். தொல்லையே லாரிகள். செம்புத் தகடு அடுக்கிய டிரெய்லரும் கந்தக அமில டேங்கரும் ஓயாமல் வருகின்றன. பொழுது சாய்ந்தபின் இந்த ரோட்டில் போகவே போகாதீர்கள். டாலர் நோட்டின் ஓரம் துளி கிழிந்திருந்தாலும் வாங்க மாட்டார்கள்; புது நோட்டாகப் பார்த்து எடுத்துப்போங்கள்.

அறை வாடகை அநியாயம். ஜெனரேட்டர் டீசலும் அதில் அடக்கம். பேட்டரிக்கான உலோகமான கோபால்ட்டில், உலக அளவில் கிட்டத்தட்ட 70 விழுக்காட்டைத் தோண்டும் நாட்டில், அதுவும் தோண்டுகிற ஊரிலேயே, கரண்டை நம்ப முடியாது. இத்தனைக்கும் காங்கோ ஆற்றின் இங்கா அணையிலிருந்து 1,700 கிலோமீட்டர் ஓடிவரும் மின்தடம் முடிவதே கொல்வேசியில்தான். சுரங்கங்களுக்காகப் போட்டு 1982இல் முடித்தார்கள். அதில் வருவது உயர் அழுத்த நேர்திசை மின்சாரம். நெடுந்தூரத்துக்குச் சிக்கனம்தான், ஆனால் வழியில் ஓர் ஊருக்கு இறக்க டிரான்ஸ்பார்மர் மட்டும் போதாது. மாறுதிசைக்கு மாற்றும் நிலையமே கட்ட வேண்டும். அதைத் திட்டத்தில் சேர்க்கவேயில்லை. தலைக்கு மேல் கம்பி போகிறது, கீழே வழியோர ஊர்கள் இருட்டு. இந்த நாட்டில் போட்டதெல்லாம் எடுத்துப்போகவே போட்டது.

எடுத்த பணமாவது தங்கியதா? அரசு நிறுவனமான ஜெகாமின் 1980களின் நடுவில் ஆண்டுக்கு 4 லட்சம் டன்னுக்கு மேல் செம்பு எடுத்தது. சர்வாதிகாரி மொபுட்டுவின் ஆட்சி வருமானத்தை வழித்தெடுத்ததில் பராமரிப்புக்குக்கூட மிஞ்சவில்லை. 1990இல் அதன் கமோட்டோ சுரங்கம் உள்ளே சரிந்தது. சில ஆண்டுகளில் உற்பத்தி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. முதலீட்டை இழுக்க 2002 சுரங்கச் சட்டம், நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் ராயல்டியை 2 விழுக்காடாக வைத்தது. கோபால்ட்டுக்கு அது 10 ஆக உயர 2018 வரை ஆனது. இன்றும் கோபால்ட், முழுதாகச் சுத்திகரிக்காத ஹைட்ராக்சைடாகவே மூட்டை கட்டிப் போகிறது. லாபமுள்ள சுத்திகரிப்பு பெரும்பாலும் சீனாவில்.

கொல்வேசியின் கசூலோ பகுதியில் 2014இல் வீட்டுக்கடியிலேயே தாது கிடைத்து, தெருவே குழியானது. அந்தப் பக்கம் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

சாப்பாடு அபாரம்! புகாரி என்ற மக்காச்சோளக் களி, கூடவே சோம்பே: மரவள்ளி இலையை உரலில் இடித்து, நஞ்சு போக நெடுநேரம் வேகவைத்து, செம்பனை எண்ணெய் விட்டு இறக்குவது. களியை உருட்டிக் கட்டைவிரலால் குழித்து அதில் அள்ளிச் சாப்பிட வேண்டும். வாடகைக் கோபம் பாதி ஆறிவிடும். ஆனால் மாவு பெரும்பாலும் ஜாம்பியாவிலிருந்து வருகிறது. நல்ல மழை பெய்யும் பூமிதான். கிராமத்துக்கு ரோடு இல்லாமல் விளைச்சல் சந்தைக்கு வருவதில்லை. ஜாம்பியா ஏற்றுமதியை நிறுத்தினால் இங்கே மாவு மூட்டை விலை எகிறும். உட்காருமுன் அன்றைய விலையைக் கேட்டுவிடுங்கள்.