எட்டயபுரம் பாரதி வீடு: ஹைவேல பறக்கிறவங்க ஒரு தடவை வண்டிய திருப்புங்க

முதல்ல அந்த பஞ்சர் கடையப் பத்தி சொல்லிடறேன், இல்லன்னா எனக்கு மனசு ஆறாது. காலைல மதுரைலேர்ந்து ஃப்ரெண்டோட பைக்ல ரெண்டு பேரும் கெளம்புனோம், விருதுநகர் தாண்டி சாத்தூர் வர்றதுக்குள்ள பின் டயர்ல காத்து எறங்கிடுச்சு. ட்யூப்லெஸ் டயர், ஒரே ஒரு ஆணி, கண்ணுக்கு நல்லாவே தெரியுது. ரோட்டோரத்துல கடை வச்சிருந்தவரு சோப்புத்தண்ணி ஊத்திப் பாத்துட்டு "நாலு எடத்துல போயிருக்கு தம்பி"ன்னாரு. எங்களைத் தள்ளி நிழல்ல நிக்கச் சொன்னாரு, குனிஞ்சு என்னவோ பண்ணாரு, கடைசில 600 ரூபா கேட்டாரு. பேசிப் பாத்தோம், பத்து ரூபா கூட எறங்கல. பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேத்து ரெண்டு பேருக்கும் 1500 ரூபான்னு முடிவு பண்ணி வந்த பயணம் இது, அதுல பாதிக்குக் கிட்ட மதியத்துக்கு முன்னாடியே காலி. பஞ்சர் ஒட்டுனா பக்கத்துலயே நில்லுங்க, ஒவ்வொரு ஓட்டையையும் காட்டச் சொல்லுங்க. ஆத்தமாட்டாத கோவம் எனக்கு.

கோவில்பட்டில டீ, ஒரு பாக்கெட் கடலைமிட்டாய். 2020-ல புவிசார் குறியீடு வாங்குன மிட்டாய், அந்தப் பாகுக்கு தாராளமா குடுக்கலாம். அங்கேர்ந்து கிழக்க திரும்பி எட்டயபுரம் ரோடு பிடிச்சா ஹைவே சத்தம் அப்படியே போயிடுது, ரெண்டு பக்கமும் கரிசக்காடு, வெயில் மட்டும் கூடவே வருது.

வீடு ஊருக்குள்ள தெருவுல இருக்கு. பெரிய மாளிகை எதையும் எதிர்பாத்துப் போகாதீங்க. டிக்கெட் கிடையாது. 1882 டிசம்பர் 11-ல சின்னசாமி ஐயருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் சுப்பையாவா பாரதி பொறந்த எடத்துல ஒரு மார்பளவு சிலை வச்சிருக்காங்க, சுத்தி பழைய போட்டோக்கள். நாங்க உள்ள போன நேரம் ஒரு வேன் நெறைய ஆளுங்க வந்தாங்க, சிலைகிட்ட நின்னு செல்ஃபி எடுத்தாங்க, கெளம்பிட்டாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. அவ்ளோ தூரம் வந்துட்டு செவுத்துல இருக்கற ஒரு போட்டோவக்கூடப் பாக்காமப் போனா எப்படிங்க?

அந்த வீட்ல நின்னு யோசிச்சாத்தான் சில விஷயம் ஒறைக்குது. அஞ்சு வயசுலயே அம்மா போயிட்டாங்க. அப்பா இந்த ஊர்ல பஞ்சாலை ஆரம்பிச்சாரு, வரும்போது பாத்தோமே அந்தக் கரிசல், பருத்தி வெளையற மண்ணு, அதை நம்பித்தான், ஆனா ஆலை நொடிச்சுப் போச்சு, சொத்தும் போச்சு, 1898-ல மனுஷன் எறந்தே போயிட்டாரு. பையனுக்கு அப்போ 15 வயசு, கல்யாணமும் முந்தின வருஷமே ஆயாச்சு. அதுக்கப்பறம்தான் காசிக்குப் போறாரு. வறுமைய அவரு பாடுனதெல்லாம் ஏட்டுல படிச்ச வறுமை இல்ல, இந்த ஊர்லயே பாத்தது. "மாப்ள, பதினஞ்சு வயசுல நாம என்னடா பண்ணிட்டு இருந்தோம்"னு ஃப்ரெண்டு கேட்டான். அப்பறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கவே இல்ல. நாங்க காலைல கெளம்புன அதே மதுரைல, சேதுபதி பள்ளிக்கூடத்துல, 1904-ல கொஞ்ச மாசம் தமிழ் வாத்தியாரா இருந்திருக்காரு, அதையும் அவன்தான் ஞாபகப்படுத்துனான்.

பாரதி மணிமண்டபத்தையும் விட்டுடாதீங்க. கல்கி ஊர் ஊரா ஜனங்ககிட்ட நிதி திரட்டிக் கட்டுனது, 1945-ல அடிக்கல், 1947-ல ராஜாஜி தொறந்து வச்சாரு. பணக்காரங்க மட்டும் சேந்து கட்டல, சாதாரண வாசகர்களும் அவங்களால முடிஞ்சத அனுப்பி எழுப்புன மண்டபம், அதனாலயே எனக்கு அது வீட்டுக்குக் கொறஞ்சதா தெரியல.

இதோட முடியல. 1835 தீபாவளி அன்னைக்கு எறந்த கர்நாடக சங்கீத மேதை முத்துசுவாமி தீட்சிதரோட சமாதி இங்கதான். நபிகள் நாயகத்தோட கதையச் சொல்ற சீறாப்புராணம் பாடுன உமறுப்புலவர் அடங்குன எடமும் இங்கதான். இவ்ளோ சின்ன ஊர்ல மூணு பேரு! எட்டயபுரம்னா கட்டபொம்மன் கதை மட்டும் பேசிட்டுப் போறது எனக்குப் பிடிக்கவே இல்ல.

திரும்பி வரும்போது பொழுது சாஞ்சுடுச்சு, விருதுநகர்ல எண்ணெய் பரோட்டா. எண்ணெய்ல முக்கிப் பொரிச்சு எடுத்து, நொறுக்கிப் போட்டு, மேல சால்னாவ ஊத்துனா, வெளிய மொறுமொறுன்னு உள்ள மெத்துன்னு, அப்பா! பட்ஜெட் பாத்து ஆளுக்கு ரெண்டோட நிறுத்தணும்னு பேசிட்டுதான் ஒக்காந்தோம், சால்னா வாசனைல அந்தப் பேச்செல்லாம் காத்துல போச்சு. காமராஜர் வீடும் அதே ஊர்லதான் இருக்கு, ஆனா இருட்டிடுச்சு, அது அடுத்த தடவைக்கு.

ஆங், எப்படிப் போறதுன்னு சொல்லவே இல்லல்ல. பைக் இல்லாதவங்க ட்ரெயின்ல கோவில்பட்டி எறங்கி எட்டயபுரத்துக்கு பஸ் பிடிச்சிடலாம், கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர்தான். வெயிலுக்கு முன்னாடி போய்ச் சேருங்க, தண்ணி பாட்டில் வீட்லேர்ந்தே எடுத்துட்டுப் போங்க, அங்கங்க வாங்குனாலே 100 ரூபா ஓடிடும்.