பின்தொட்டியும் வளவுச் சுவரும்

வீடியோ அழைப்பில் என்னைப் பார்த்ததும் ஆத்தாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, சிறிது நேரம் பேச்சே வரவில்லை. தலையில் துண்டு, மூக்கை மூடிய முகமூடி, புருவமெல்லாம், வண்டித் தகட்டின் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியின் சாம்பல் நிறத் தூசி, கையில் உப்புத்தாள் சுற்றிய கட்டை. எனக்குப் பின்னால், சுமை ஏற்றும் பின்தொட்டியைக் கழற்றிவிட்டதால் சட்டமும் சக்கரமுமாக நிற்கும் ஒரு பிக்கப் வண்டி. "அங்கயெல்லாம் இந்த வேலைக்கு ஆளே கெடைக்காதாடி? ஒங்க அப்பச்சி இருந்து பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாக?" என்று கேட்டார். எங்கள் வழக்கில் அப்பச்சி என்றால் அப்பா.

சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னேன். ஆனால் அழைப்பை முடித்த பிறகும் அந்தக் கேள்வி தைத்துக்கொண்டே இருந்தது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், முகப்பும் பட்டாலையும் நடுமுற்றத்தைச் சுற்றிய வளவும் இரண்டாம் கட்டுமாக ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டில் வளர்ந்தவள் நான். அங்கே எந்த வேலைக்கும் அதற்கென்று ஒருவர் வருவார். ஓடு மாற்ற ஒருவர், கதவைச் சரிசெய்ய ஆசாரி, சுவருக்குக் கொத்தனார். பிள்ளைகளாகிய நாங்கள் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, போ என்று விரட்டும்வரை பார்த்துக்கொண்டு நிற்போம். அப்படி நின்று பார்த்ததில் எவ்வளவு என்னிடம் தங்கியிருக்கிறது என்பதை இந்தக் கோடையில்தான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் டெட்ராய்ட்டுக்கு அருகே நாங்கள் வாங்கியது 1920களில் கட்டிய மரவீடு. மெல்லிய மரச்சிம்புகளை வரிசையாக அடித்து, அதன்மேல் காரை பூசிய சுவர்கள். இந்த நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் கலப்பதை 1978இல் தடை செய்தார்கள். எங்கள் வீடு அதற்கு மிகவும் முந்தியது என்பதால் சுரண்டும் ஒவ்வொரு அங்குலத்தையும் ஈரப்படுத்தித்தான் சுரண்ட வேண்டும். பெயர்த்த காரையை வெளியே கொண்டுபோகவும், நான்கடிக்கு எட்டடிப் பலகைகளை உள்ளே கொண்டுவரவும் வண்டி வேண்டும். ஊராக இருந்தால் கடைத்தெருவில் நின்று கைகாட்டினால் ஒரு குட்டியானை வந்து நிற்கும். இங்கே அப்படி இல்லை. எனவே பழைய எஃகு உடல் கொண்ட பிக்கப் ஒன்றை வாங்கினோம். எஞ்சின் நன்றாக இருந்தது. பின்தொட்டிதான் போய்விட்டது. காரை மூட்டை ஒன்றை இறக்கி வைத்தபோது தொட்டியின் தரை நெளிந்து, சக்கர வளைவின் ஓரம் கையோடு உதிர்ந்து வந்தது. பட்டறையில் காட்டியதற்கு, சரிசெய்ய ஆகும் கூலி வண்டியின் விலையைத் தாண்டும், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றார்கள்.

போட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஊரில் வண்டியைத் தின்பது உப்பு. பனி விழுந்ததும் சாலையெங்கும் உப்பைக் கொட்டுகிறார்கள். சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியஸ்வரை அது பனியை இளக்கிவிடும். இளகிய உப்புநீர் சக்கரத்தோடு மேலே தெறித்து, இரண்டு தகடுகள் சேரும் மடிப்புக்குள் புகுந்து, அங்கேயே தங்கிவிடும். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், 1,100 அடிக்கும் கீழே ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1910 வாக்கில் தோண்டத் தொடங்கிய அந்தச் சுரங்கத்திலிருந்து இன்றும் சாலை உப்பு மேலே வருகிறது. வண்டிகளைச் செய்து உலகத்துக்கு அனுப்பிய ஊரின் காலடியிலேயே அவற்றை அரிக்கும் உப்பும் கிடக்கிறது என்று முதலில் கேள்விப்பட்டபோது, கீழ்வரிசைக் கற்களில் உப்புப் பூத்து உதிரும் எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவர்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

தொட்டியின் அடியில்தான் பெட்ரோல் டாங்கி இருக்கிறது. அதனால் நெருப்புப் பொறி பறக்கும் எந்த வேலையையும் தொட்டி வண்டியின்மேல் இருக்கும்போது செய்யக் கூடாது. பாட்டரியைத் துண்டித்து, பெட்ரோல் ஊற்றும் குழாயை விடுவித்து, சட்டத்தோடு பிணைத்த போல்ட்டுகளைக் கழற்றி, கேன்டனிலும் நோவையிலும் இருக்கும் தமிழ் நண்பர்களை அழைத்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவரும் வந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, தூக்கு" என்ற குரலுக்கு அவரும் சரியாகத் தூக்கினார். மரக்கட்டைகள்மேல் இறக்கி வைத்த பிறகு அந்த நான்கு சொற்களையும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோழிக் குழம்பும் சோறும் கவுனி அரிசி இனிப்பும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று அன்றைக்கு உறுதியாகத் தோன்றியது. ஆனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, அத்தை கல்யாணத்துக்கு வளவில் பந்தி நடந்து, இலை எடுத்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைக் கழுவிவிட்ட ஈரத்தில் நாங்கள் சறுக்கி விளையாடிய மத்தியானம் வந்து நின்றுகொண்டது. அன்று இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சக்கர வளைவைச் சுரண்டத் தொடங்கினேன். வெளியே நன்றாக இருப்பதாகத் தெரிந்த இடத்தில்தான் உண்மையான சேதம் இருந்தது. பெயிண்டுக்குக் கீழே கட்டைவிரல் பருமனுக்குப் பட்டி. பட்டிக்குக் கீழே ஒரு கம்பிவலைத் துண்டு. வலைக்குக் கீழே தகடே இல்லை. துருப்பொடி மட்டும் இருந்தது. முன்பு வண்டியை வைத்திருந்த யாரோ, ஓட்டையை வெட்டி எடுக்காமல் வலையைச் செருகி, பட்டியைத் திணித்து, வழவழப்பாகத் தேய்த்து, நிறமும் அடித்துவிட்டிருக்கிறார். பட்டி சாதாரணமாகக் கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துருவின்மேல் போட்டால், உள்ளே துரு வளர்ந்துகொண்டேயிருக்கும், வெளியே எல்லாம் நலமாக இருப்பதாகத் தெரியும். அந்தப் பட்டிக் கட்டி உளியின் முனையில் பெயர்ந்து கீழே விழுந்தபோது எனக்கு வந்த கோபம் முழுவதும் அந்த முகம் தெரியாத மனிதர்மேல் வந்த கோபமில்லை.

எங்கள் வளவின் கிழக்குச் சுவர் முட்டைப் பூச்சுச் சுவர். ஊறவைத்த சுண்ணாம்பை மாடு கட்டிய செக்கில் மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குப் பூசி, கடைசி அடுக்குக்கு நயமான சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியது. முதல் அடுக்கு கரடு. அடுத்தது அதைவிட நயம். கடைசியது எல்லாவற்றிலும் மெல்லியது. பர்மாவில் லேவாதேவி செய்து வந்த பணத்தில், என் தாத்தாவான ஐயாவின் அப்பச்சி கட்டிய வீடு அது. 1942இல் ஜப்பானியப் படை உள்ளே வந்தபோது அங்கிருந்ததை எல்லாம் விட்டுவிட்டு வந்தார்கள். கையில் மிஞ்சியது இந்த வீடுதான். சித்திரை வெயிலில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கன்னத்தை அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பேன். அப்பத்தா, "சொவத்துல எண்ணெத் தலைய வைக்காதடி" என்று சத்தம் போடுவார்.

அந்தச் சுவரில் இப்போது பாதி உயரத்துக்குச் சிமெண்ட் இருக்கிறது. மேலே ஓடு விலகி மழைநீர் இறங்கியது. பூச்சு உப்பி ஓரிடத்தில் விழுந்தது. ஒரு கல்யாணம் நெருங்கிவிட்டது என்பதற்காக, கூரை ஓடுகளைச் சரிசெய்வதற்கு முன்பே, விழுந்த இடத்தில் சிமெண்டைப் பூசி வெள்ளையடித்துவிட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் உள்ளே போன ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதற்கு வழிவிடாது. அடைபட்ட ஈரம் பக்கவாட்டில் பரவி, கல்லிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, நன்றாக இருந்த பழைய பூச்சின் விளிம்பைத் தள்ளுகிறது. ஆண்டுதோறும் சிமெண்டின் ஓரம் உதிர்கிறது. ஆண்டுதோறும் இன்னும் ஒரு சாண் சிமெண்ட் ஏறுகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோது குடும்பத்தில் எல்லோருக்கும் பெருமை பிடிபடவில்லை. அந்த ஆண்டும் அந்தச் சுவரில் சிமெண்ட் ஏறியது.

இதைப் பங்காளிகளிடம் பேசாமல் இல்லை. வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குப் பங்கு உண்டு. பங்குக்கு உரியவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள். அவரவர் அறையை அவரவர் வெள்ளையடித்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வளவுச் சுவர் எல்லோருக்கும் பொது என்பதால் அதைப் பற்றி யாரும் முதலில் வாய் திறப்பதில்லை. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குக் கூடும்போது பேச்சு வரும், சாப்பாட்டோடு முடிந்துவிடும். "இன்னும் எத்தனை வருசத்துக்குச் செலவழிக்கிறது, பிரிச்சிட்டா தேக்காவது வெலைக்குப் போகும்" என்று ஒருவர் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூண்களும் நிலைக்கதவுகளும் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வாக்கியம் எவ்வளவு எளிதாக நடந்துவிடக்கூடியது என்பது தெரியும். கட்டிக்கொடுத்து அனுப்பிய பெண் நான். எனக்கு அங்கே அறை கிடையாது. ஆனாலும் அந்தச் சுவரைப் பற்றி என்னைவிட அக்கறையோடு பேசியவர் அந்தக் கூட்டத்தில் எவரும் இல்லை என்று இன்றும் சொல்வேன்.

வண்டிக்குத் திரும்புகிறேன். துரு எட்டிய எல்லை முடிந்து, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் தகடு தொடங்கும் இடம்வரை கிரைண்டரால் வெட்டி எடுத்தேன். வெட்டுமுன் சின்னதாகத் தெரிந்த ஓட்டை, வெட்டி முடித்தபோது இரண்டு கையகலம் ஆகியிருந்தது. அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்று காரைக்குடியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அப்பச்சியின் அம்பாசடர் அவர் கையில்தான் பல தடவை பிழைத்தது. "நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டுங்க ஆச்சி. மிச்சம் வச்சா அது நம்மளத் திரும்பக் கூப்பிடும்" என்றார். புதுத் தகட்டை அளவுக்கு வளைத்துப் பொருத்தி, ஓரிடத்தில் ஒரு பொட்டு வெல்டிங், அது ஆறுவதற்குள் எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று தாவித் தாவி வைத்தேன். மெல்லிய தகடு; ஒரே இடத்தில் சூடேறினால் நெளிந்துவிடும். மடிப்புகளில் துத்தநாகப் பூச்சு, அதன்மேல் நீர் புகாத சீலர்.

அதற்குப் பிறகுதான் பட்டி. நூறு கிராம் பட்டிக்கு இரண்டு கிராம் அளவில், அதை இறுகவைக்கும் சிவப்பு ஹார்டனரைப் பிதுக்கி, வெள்ளைப் பணியார மாவைப் போலக் கட்டியில்லாமல், ஒரே நிறம் வரும்வரை குழைக்க வேண்டும். குழைத்த ஐந்தாறு நிமிடத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். சுண்ணாம்புக்கு இந்த அவசரம் இல்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அது மறுபடி கல்லாகிறது. ஆனால் பூசிய பின் செய்யும் வேலையில் எனக்கு எந்த வேற்றுமையும் தெரியவில்லை. முதலில் 80ஆம் எண் உப்புத்தாள், பிறகு 180, பிறகு 320. மேட்டையும் பள்ளத்தையும் கண்டுபிடிக்கக் கறுப்பு நிறத்தை மேலே மெல்லத் தூவிவிட்டு நீளக் கட்டையால் தேய்க்கிறார்கள். மேட்டிலிருந்து கறுப்பு போய்விடும், பள்ளத்தில் மட்டும் நிற்கும். எங்கள் ஊர்க் கொத்தனார் இதையே மின்விளக்கை வைத்துச் செய்வார். பொழுது சாய்ந்ததும் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடிப்பார். கண்ணுக்குத் தெரியாத மேடெல்லாம் நிழலாக நீளும். பிறகு பூச்சைத் தேய்க்கும் மணியாசுக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை விரித்துச் சுவரின்மேல் குறுக்காக ஓட்டுவார். நானும் வண்டிமேல் அப்படித்தான் ஓட்டினேன். கறுப்பு முற்றிலும் போய்விட்ட ஓரிடத்தில், சக்கர வளைவுக்கு ஒரு விரற்கடை மேலே, கைக்கு மட்டும் தெரிகிற ஒரு தாழ்வு இருந்தது. அதை நிரப்பித் தேய்த்து முடித்தபோது அடைந்த மகிழ்ச்சியை, இந்த நாட்டுக்கு வந்து பெற்ற வேறு எதோடும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

நிறம் அடிப்பதை மட்டும் வெளியே கொடுத்துவிட்டோம். இரு பாகம் கலக்கும் பெயிண்டில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் உண்டு. அதற்கு வெளிக்காற்று செலுத்தும் முகமூடி வேண்டும். இப்போது தொட்டி மறுபடி வண்டியில் ஏறிவிட்டது. இங்கே குளிர் இறங்குவதற்குள் முடித்துவிட்டோம் என்பதில் நிம்மதி. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பட்டி ஒழுங்காக இறுகாது.

சக்கர வளைவிலிருந்து பெயர்த்த பட்டிக் கட்டியைப் படமெடுத்து வைத்திருந்தேன். அதையும், சிமெண்ட் ஏறிய வளவுச் சுவரின் படத்தையும் சேர்த்துப் பங்காளிகள் எல்லோருக்கும் அனுப்பினேன். முதலில் ஓடு, பிறகு சிமெண்ட் முழுவதையும் நல்ல பூச்சு தொடங்கும் எல்லைவரை வெட்டி எடுப்பது, சுவர் உலர்ந்த பின் சுண்ணாம்பு என்று வரிசையாக எழுதி, சுண்ணாம்புச் செலவு என்னுடையது என்றும் எழுதினேன். இரண்டு பெரியப்பா வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ஓட்டுச் செலவை ஏற்றுக்கொண்டான். மற்றவர்கள் இன்னும் பதில் எழுதவில்லை; வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

விளக்கைப் பிடித்துச் சுவர் பார்த்த கொத்தனாரின் மகன் இப்போது அந்த வேலையைச் செய்கிறார். மழை முடிந்து தை மாதம் வேலை தொடங்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "தைக்கு வேலைன்னா சுண்ணாம்ப இப்பவே ஊறப் போடணும் ஆச்சி. பங்காளிக சம்மதம் வந்த பெறகு போட்டா ஆகாது" என்றார். போடச் சொல்லிவிட்டேன்.