சின்ன ரயில் போகும் பூங்கா

பாரிசுக்கு வந்து மூன்றாம் வருடம்தான் வதிவிட அட்டை கைக்குக் கிடைத்தது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பல், ஒரு கட்டு கறிவேப்பிலை, கொஞ்சம் ஊர்க்கதை. அட்டை வந்த பிறகுதான் மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றத் துணிவு வந்தது. முதலில் போனது போர்த் மையோவிலிருந்து சின்ன ரயில் ஏறி ஜார்தன் தக்ளிமத்தாசியோன் பூங்காவுக்கு. அந்தப் பெயர் என் வாயில் நுழைய ஆறு மாதம் எடுத்தது. மகள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அப்புறம் ஒருநாள், பிரெஞ்சு வகுப்பு ஆசிரியை எங்களை போர்த் தொரே மாளிகைக்குக் கூட்டிப்போனார். 1931 காலனியக் கண்காட்சிக்காகக் கட்டியது. வெளிச்சுவர் முழுக்கக் கற்சிற்பம்: காலனி மக்கள் அரைகுறை உடையோடு அறுக்கிறார்கள், சுமக்கிறார்கள், எல்லாம் பிரான்சுக்காக. கண்காட்சி நடந்த ஆறு மாதத்தில் 3 கோடிக்கும் மேல் நுழைவுச்சீட்டு விற்றதாம். கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலைப் போல ஒன்றைக் கட்டி, விழா முடிந்ததும் இடித்துவிட்டார்கள். இன்று அதே மாளிகைக்குள் குடிவரவு வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. எங்களைப் பற்றிப் பேச அவர்களுக்குக் கிடைத்த கட்டிடம்!

மனிதர்களையே கூண்டுப் பொருள் போலக் காட்டிய காலத்தைப் பற்றி ஆசிரியை சொல்லிக்கொண்டு வந்தபோது, தெரிந்த பெயர் ஒன்று காதில் விழுந்தது. மகளோடு போன அதே பூங்கா. 1877இல் ஆப்பிரிக்காவின் நூபியர்களையும் எஸ்கிமோக்களையும் காட்டித் தொடங்கியிருக்கிறார்கள். 1883இல் இலங்கையிலிருந்து ஆட்கள், யானைகளோடு. எல்லாருக்கும் ஒரே பெயர்: சிங்களர். (எங்கள் சண்டை அவர்களுக்கு எதற்கு?) அங்கே காட்டப்பட்டவர்களின் மண்டையை அளக்க மானிடவியல் அறிஞர்களும் வந்து போனார்களாம்.

இப்படிக் கொண்டுவரப்பட்டவர்களில் பலர் சம்பளம் பேசி, ஒப்பந்தம் செய்து வந்தவர்கள். அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நானும் சம்பளத்துக்குத்தான் கோப்பை கழுவுகிறேன். ஆனால் கதவு சாத்திய குசினிக்குள். சீட்டு வாங்கி யாரும் பார்க்க வருவதில்லை. அவர்கள் ஆடி முடித்து, கூட்டம் கலைந்த பிறகு, அந்தக் குளிரில் என்ன உடுத்தியிருப்பார்கள், என்ன கதைத்திருப்பார்கள்? அதைப் படம் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை போலும்.

வருடக் கடைசியில் வகுப்பில் விருந்து. “உங்கள் பாரம்பரிய உடையில் வாருங்கள், ஏதாவது ஆடிக் காட்டுங்கள்” என்றார் ஆசிரியை. நல்ல மனுசி, ஒரு குத்தலும் இல்லை. ஆனாலும் பூங்காவில் ஆடிக் காட்டிய அந்த மனிதர்கள் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, வழக்கமான ஜீன்ஸும் ஜாக்கெட்டுமாகப் போனேன், கையில் ஒரு சட்டி உளுந்து வடை. அவர் முகம் கொஞ்சம் வாடியது. வடை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.