தோட்டத்து ஊரில் கையால் கட்டிய டிரோன்

கடையில் வாங்கிய டிரோன் விழுந்து, மோட்டாரைத் தாங்கும் அதன் ஒரு கை ஒடிந்தால், அதை ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாமே கட்டியதென்றால், மலேசியாவின் சுங்கை சிப்புட் நகர ஹார்டுவேர் கடையில் அலுமினியக் குழாய் வாங்கி, அளந்து வெட்டி, அன்று மாலையே மாட்டிவிடலாம். செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்கு நடுவே பறக்கவிட நினைத்த எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

கைகளுக்கு அரை அங்குலச் சதுரக் குழாயையும் நடுத்தட்டுக்கு ஒட்டுப்பலகையையும் எடுத்துக்கொண்டு, நான்கு மோட்டார்களில் எதிரெதிராக உள்ளவற்றுக்கு இடையே 450 மில்லிமீட்டர் இருக்குமாறு சட்டகத்தை அமைத்தேன். மற்றவற்றை இணையத்தில் தருவித்தேன். மோட்டார் 920 கே.வி. வகை, அதாவது சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்திற்கு 920 சுற்று. 11.1 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் பத்து அங்குல விசிறியைச் சுழற்றும்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 800 கிராம் தூக்கக்கூடியது. எல்லாம் பூட்டிய பிறகு எடை ஒன்றேகால் கிலோ வந்தது. மொத்தத் தூக்குவிசை எடையைப்போல் இரு மடங்காவது இருந்தால்தான் காற்றடிக்கும்போது சமாளிக்கும் என்பதால், இந்தக் கணக்கைப் பொருள் வாங்குவதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.

ஈயம் வைக்கும் வேலையைக் கடைத்தெருவில் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் அண்ணனிடம் கற்றேன். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பி வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால், சிறிய சூட்டுக்கோலில் ஈயம் மேலே மட்டும் உருண்டு நிற்கும். “தம்பி, ஈயத்தைச் சூடாக்காதே, கம்பியைச் சூடாக்கு, அது தானா ஓடி வரும்” என்றார் அவர். “இழுத்துப் பார்க்கலாமா அண்ணே?” என்று கேட்டதற்கு, “இழு, வந்தா இங்கேயே வரட்டும்” என்றார். அந்த இணைப்புகள் இன்றுவரை விடவில்லை.

மூளையாகப் பிக்ஸ்ஹாக் என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையும், அதில் பறத்தலை நடத்தும் ஆர்டுபைலட் மென்பொருளும். மூலைவிட்டத்தில் எதிரெதிராக உள்ள மோட்டார்கள் ஒரே திசையிலும் மற்ற இரண்டும் அதற்கு மாறாகவும் சுழல வேண்டும்; இல்லையெனில் உடல் தன்னைத்தானே சுற்றும். ஒரு மோட்டார் தவறான திசையில் சுழன்றால், அதன் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றி இணைத்தால் போதும். இந்தச் சோதனைகள் முடியும்வரை விசிறிகளை மாட்டவே கூடாது. பிறகு பலகையைச் சமமாகவும், இடம், வலம், மூக்கு கீழ், மூக்கு மேல், தலைகீழ் என்றும் ஆறு நிலைகளில் பிடித்து சாய்வையும் அசைவையும் உணரும் முடுக்கமானியைச் சரிசெய்ய வேண்டும். திசைகாட்டியை மின்கம்பிகளிலிருந்து விலக்கி ஒரு சிறு கம்பத்தின் மேல் வைத்தேன். மின்னோட்டம் கூடும்போது உண்டாகும் காந்தப்புலம் அதை ஏமாற்றிவிடும்.

எங்கள் ஊருக்கென்றே மாற்ற வேண்டியிருந்த அமைப்பு ஒன்று உண்டு. ரிமோட் தொடர்பு அறுந்தால் கருவி தானாகப் புறப்பட்ட இடத்திற்குத் திரும்பும். அதற்கென மென்பொருளில் முன்கூட்டியே வைத்திருக்கும் உயரம் 15 மீட்டர். மட்டை வெட்ட நீளக் கழி தேவைப்படும் முதிர்ந்த செம்பனைக்கு அது போதாது, நேராகக் கொண்டையில் போய் மோதும். எனவே 30 மீட்டராக உயர்த்தினேன்.

2016ஆம் ஆண்டின் மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறைகளின்படி, 400 அடிக்கு மேல் பறக்க அனுமதி வேண்டும். எனக்கு அவ்வளவு உயரம் தேவைப்படவில்லை, கேமராவும் வைக்கவில்லை. ஆனாலும் தோட்ட அலுவலகத்தில் கிராணியாரிடம் (எழுத்தரிடம்) சொல்லிவிட்டுத்தான் பழைய திடலில் இறங்கினேன். காலையில் பறப்பதே எங்கள் பக்கம் நலம், பிற்பகலில் இடியும் மழையும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

2200 மில்லியாம்பியர்-மணி பேட்டரியில் ஏழெட்டு நிமிடம் நிற்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல்லின் மின்னழுத்தம் 3.5 வோல்ட்டைத் தொட்டதும் இறக்கிவிடுகிறேன். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருக்கிறேன். அலுமினியம் அதிர்வை நன்றாகக் கடத்துவதால் பிக்ஸ்ஹாக் பலகைக்கு அடியில் பஞ்சுப் பட்டை ஒட்டியிருக்கிறேன். இருந்தும் மோட்டார் திருகுகள் தளர்கின்றன. திருகு இறுக்கும் பசை தடவிய பிறகு அது குறைந்திருக்கிறது; ஆயினும் ஒவ்வொரு முறை பறக்கவிடும் முன்பும் பதினாறு திருகுகளையும் கையால் தொட்டுப் பார்க்கிறேன்.