வெண்ணெய் திரளாமல் போன அரை மணி நேரம்

அயர்லாந்தில் கெர்ரி பக்கம் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறோம். பக்கத்துப் பண்ணை வீட்டுப் பாட்டி இன்னமும் வெண்ணெயைக் கையால்தான் கடைகிறார். நல்ல வெண்ணெய் கடையிலேயே கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "சனிக்கிழமை வா, கடைந்து பார்" என்றார்.

தயிர் கடைந்த கைதானே என்ற தெம்பில் போனேன். அங்கே மத்து இல்லை. இடுப்பளவு மரப்பீப்பாய், மூடியில் துளை, அதில் நீளக் கோல். உலக்கை போடுவது போல மேலும் கீழும் குத்த வேண்டும். பீப்பாயைக் கொதிநீரால் அலசி, உடனே பச்சைத் தண்ணீர் விட்டார். இல்லாவிட்டால் வெண்ணெய் மரத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். மூன்று நாள் சேர்த்து லேசாகப் புளித்த க்ரீம், நாலு லிட்டர்.

அரை மணி குத்தியும் நுரைதான். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பாட்டி தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார்: 10 டிகிரி. 15-ஐ ஒட்டி இருந்தால்தான் திரளும். வெந்நீரை உள்ளேயே ஊற்றிவிடலாமே என்றேன். அப்படிச் செய்தால் வெண்ணெய் வெளுத்துச் சப்பென்று ஆகிவிடும் என்று, பீப்பாயை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தினார்.

நடுவில் பக்கத்துப் பண்ணைக்காரர் ஏதோ கேட்க வந்தார். யாரும் சொல்லாமலே, "இந்த வேலையைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும்" என்று கோலை வாங்கிப் பத்துக் குத்து குத்தினார். கடையும் வீட்டுக்குள் வந்தவர் கை கொடுக்காமல் போனால் வெண்ணெயும் அவரோடு போய்விடும் என்பது பழைய நம்பிக்கை. எனக்கென்னவோ, ஓசியில் ஆள் பிடிக்க யாரோ கெட்டிக்காரப் பெண் கிளப்பிவிட்ட கதை என்றுதான் படுகிறது!

அப்புறம் சத்தம் மாறியது. சளக் சளக் போய், தொப் தொப். மூடியைத் திறந்தால் மோரில் கடுகு கடுகாய் மஞ்சள் மணிகள். அத்தோடு நிறுத்தச் சொன்னார். மேலும் கடைந்தால் மோர் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மோரை வடித்து, தண்ணீர் தெளியும்வரை நாலு முறை கழுவினோம். கையால் பிசையப் போனேன், தட்டிவிட்டார். கைச்சூட்டில் உருகுமாம். வரிவரியான இரண்டு மரத்தட்டிகளால்தான் அழுத்தி நீரை எடுக்க வேண்டும். கிலோவுக்கு 20 கிராம் உப்பு. கிடைத்தது ஒன்றே முக்கால் கிலோ.

கார்க் நகரத்தில் 1770-இல் தொடங்கி 1924 வரை நடந்த வெண்ணெய்ச் சந்தைக்கு, கெர்ரியிலிருந்தும் பீப்பாய் பீப்பாயாக வெண்ணெய் போயிருக்கிறது. எத்தனை தோள்கள் வலித்திருக்கும்!

சோடா ரொட்டி சுட என்று ஒரு பாட்டில் மோர் கொடுத்தனுப்பினார். உப்பும் பெருங்காயமும் போட்டு நானே குடித்ததில் ரொட்டிக்குக் கால் பாட்டில்தான் மிச்சம்.