இஸ்தான்புல்: கிழமை பார்த்துக் கிளம்புங்க

இஸ்தான்புல்லுக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி காலண்டரைத்தான் எடுத்தேன். தோப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய் லீவு, கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு. வெள்ளி மதியம் தொழுகை நேரத்துல மசூதிக்குள்ள சுத்திப் பார்க்க விடமாட்டாங்க. அதனால புதன் இறங்கி, சனி ராத்திரி கிளம்புறோம்.

முதல் காலை ஹாகியா சோபியாவுக்கு. 537-ல் தேவாலயமா எழுந்தது. 1453-ல் மசூதியாச்சு, 1935-ல் மியூசியம், 2020-லிருந்து மறுபடி மசூதி. சுற்றுலாக்காரங்களுக்கு இப்ப மாடி மட்டும்தான், அதுவும் கட்டணத்தோட. எனக்கு அதுவே போதும். பழைய மொசைக் சித்திரங்கள் அங்கதானே இருக்கு! மாடத்துப் பளிங்குக் கைப்பிடிச் சுவர்ல ஒரு வைக்கிங் ஆள், அதாவது அந்தக் கால வட ஐரோப்பாக் கடலோடி, 'ஹால்ஃப்டான்'னு தன் ஊர்ப் பழைய ரூன் எழுத்துல கீறி வச்சிருக்கான். சுவத்துல பேர் கிறுக்குற கூட்டத்துக்கே முப்பாட்டன். அவன் கையெழுத்தைப் பார்க்காம வரமாட்டேன்.

அக்கா டின்னர் குரூஸ் கேட்டா. வேண்டாம்னுட்டேன். எமினோனு துறையில சாதாரண ஃபெர்ரி ஏறினா, சுமார் 20 நிமிஷத்துல ஆசியாக் கரையில காடிக்கொய். சூரியன் சாயுற நேரமாப் பார்த்து ஏறணும், அவ்வளவுதான்.

அவளுக்கு மூட்டுவலி, ஊரோ மேடும் பள்ளமும். அதனால ரூம் சுல்தானஹ்மத் டிராம் ஸ்டாப்புக்குப் பக்கத்துலயே. தலைக்குப் போட ஆளுக்கொரு துப்பட்டா எடுத்து வச்சாச்சு.